இருட்டு போர்ட்ரெய்ட் கண்காட்சி: வெளிநாட்டுப் படங்களப் பாத்து வந்த ஆசைய நம்மூர் ஆச்சிமார வச்சு எப்பிடிப் பண்ண?

பாளை_கேமரா

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல கல்யாண போட்டோ எடுக்கேன், பொழப்பு அதுதான். அதுக்கு வெளிய கூட்டாளிகளோட சேந்து தை கழிஞ்சு ஒரு சின்ன கண்காட்சி போடலாம்னு பேசி வச்சிருக்கோம். என் பங்கு முழுசும் போர்ட்ரெய்ட், அதுவும் இருட்டு போர்ட்ரெய்ட், பாக்குறவங்களுக்கு இது நெசமா கனவான்னு ஒரு நிமிசம் தடுமாறணும், அப்பிடி.

இந்தக் கிறுக்கு புடிச்சது பிரான்செஸ்கா வுட்மன் படங்களப் பாத்துதான். 1981ல 22 வயசுலயே இறந்துபோன பொண்ணு, பாழடஞ்ச வீட்டுக்குள்ள தன்னையே நிப்பாட்டி ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சு எடுத்திருக்கும், சுவரு தெளிவா இருக்கும், உடம்பு மட்டும் கரஞ்சு புகையா நிக்கும். அப்புறம் ரால்ஃப் யூஜின் மீட்யார்ட், அமெரிக்காவுல லெக்சிங்டன்ல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருந்த மனுசன், கடை வேலை போக மிச்ச நேரத்துல தன் பிள்ளைகளுக்கே முகமூடி மாட்டி ஆளில்லாத வீடுகள்ல நிறுத்தி எடுத்தாரு. தென்னாப்பிரிக்கால இருக்க ரோஜர் பாலன் படமும் ராத்திரி தூங்கவிடல, சுவத்துல கிறுக்கல், தொங்குற வயரு, பறவை, நடுவுல ஒரு முகம்.

நான் எடுக்க நெனைக்கது பாம்படம், அதான் காத வளத்துப் போடுற கனமான தங்க நகை, அது போட்ட ஆச்சிமார. அதுலயும் பாம்படத்தக் கழட்டின காதுங்கதான் எனக்கு வேணும். தோள் வரைக்கும் தொங்குற அந்தத் தோலு, நடுவுல விரல் நொழையுற ஓட்டை, சன்னலுக்கு நேரா உக்காந்தா காதுமடல் ஓரம் வெளிச்சம் பட்டு செவந்து தெரியும், ஓட்டை வழியா பின்னால உள்ள சுவரு தெரியும். உள்ள இருந்த பொன்னு பேத்தி கல்யாணத்துக்கோ மகன் கடனுக்கோ போயிருக்கும். இவங்கள எல்லாரும் எடுத்தாச்சு, பொக்கவாய்ச் சிரிப்பும் கிளாரிட்டிய ஏத்தி விட்ட சுருக்கமுமா "கிராமத்து முகம்"னு போட்டிக்கு அனுப்பியாச்சு. எனக்கு அது வேண்டாம்.

சிக்கல் என்னன்னா, பின்னால கறுப்புத் துணி கட்டி ஒத்த லைட் போட்டா எங்கயோ பாத்த வெளிநாட்டுப் படம் மாதிரி ஆயிருது. ஆச்சி வீட்டுலயே சும்மா எடுத்தா பேப்பர்ல வர்ற செய்திப் படமா போயிருது. ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்? இன்னொண்ணு, ஒரு படத்தப் பாத்துட்டு எங்கம்மா "உசுரோட இருக்கவள ஏம்ல செத்தவ மாதிரி எடுத்து வச்சிருக்க"ன்னு கேட்டுட்டா, அந்தக் கேள்வி மனசுல அப்பிடியே கெடக்கு. பிரிண்டு, ஹாலு பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஹால்ல முழுக்க டியூப்லைட்டு.

டவுண்_டார்க்ரூம்

தம்பி, உங்கம்மா கேட்ட கேள்வியில இருந்தே ஆரம்பிக்கேன், ஏன்னா உமக்கு வேண்டிய சரக்கு அதுலதான் இருக்கு.

எங்கப்பா நெல்லை டவுண்ல ஸ்டுடியோ வச்சிருந்தாவ. அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு ஆயுசுல ஒரே ஒரு போட்டோதான், அதுவும் செத்த அன்னைக்கு எடுத்தது. குளிப்பாட்டி நாற்காலியில சாய்ச்சு உக்கார வச்சு, தாடையத் துணியால கட்டி, சுத்தி பிள்ளைகளும் பேரன்மாரும் நிக்க எடுப்பாவ. கருமாதிக்குள்ள சுவத்துல மாட்ட படம் வேணும்னு வருவாவ. அப்போ எங்கப்பா அந்த முகத்த மட்டும் பெருசாக்கி, கட்டுன துணிய பிரஷ்ஷால மறைச்சு, மூடின கண்ணு மேல தொறந்த கண்ண வரைவாவ. ஆம்பளைன்னா வேற யாரோ போட்டிருந்த கோட்டு மேல இந்தத் தலைய ஒட்டுவாவ, கோட்டே போடாத மனுசன் சுவத்துல கோட்டோட இருப்பாரு. அந்தப் படங்களப் பாத்திருக்கீரா? கண்ணு தொறந்துதான் இருக்கும், கறுப்புமணிக்குள்ள வெள்ளையா ஒரு புள்ளிகூட வச்சிருக்கும், ஆனா பார்வை எங்கயும் வந்து விழாது. நீரு எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் உம்மத் தாண்டிப் போகும்.

நம்ம வீட்டு நடுக்கூடத்துல, மாலை போட்டு, சின்ன பல்பு எரிய இதெல்லாம் அம்பது அறுவது வருசமா தொங்கிக்கிட்டு இருக்கு. இதவிடக் கனவு மாதிரிப் படம் எந்த நாட்டுல போய்த் தேடப் போறீரு? அங்க பொணத்துக்குக் கண்ணு வரஞ்சது பயமுறுத்தவா? அந்த வீட்டுக்கு அவிய முழிச்சுக்கிட்டு இருக்கணும், அதுக்காக வரஞ்சது. அந்தத் தேவை உம்ம படத்துல இருந்துச்சுன்னா உங்கம்மா அப்பிடிக் கேக்க மாட்டாவ. இல்லேன்னா கறுப்புத் துணி வெறும் கறுப்புத் துணிதான்.

போட்டோகிராபி பொறந்த கையோடயே இது ஆரம்பிச்சாச்சு. 1840ல இப்போலிட் பயார்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, தன் கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் மதிப்புக் கொடுக்கல, எல்லாப் பேரும் டகேர்ங்கற இன்னொரு கண்டுபிடிப்பாளருக்கே போயிட்டுன்னு ஆத்திரப்பட்டு, தன்னையே தண்ணியில முங்கிச் செத்தவனா உக்கார வச்சுப் படம் எடுத்தாரு. வெயில்ல கறுத்த முகமும் கையும் படத்துல இருட்டா விழுந்திருச்சு, அதையும் விடல, பொணம் அழுக ஆரம்பிச்சிட்டுன்னு படத்துக்குப் பின்னால எழுதி வச்சாரு. அதுவும் ஒரு வயித்தெரிச்சல்ல வந்த இருட்டுதான், அழகுக்குன்னு சேத்தது இல்ல.

அதனால மொதல்ல அந்த ஆச்சிமார் வீட்டுச் சுவத்தப் பாரும். புருசன் படம் இருக்கும், கை வரஞ்ச கண்ணோட. அந்தப் படத்துக்குப் பக்கத்துல ஆச்சிய உக்கார வையும். ஆச்சி கண்ண மூடட்டும்.

இனி வெளிச்சம். முற்றம் வச்ச வீடு ஏதாவது ஒண்ணப் புடியும். உச்சி வெயில் நேரடியா ஆள்மேல விழப்படாது, தாழ்வாரத்து ஓரத்துல, வெயில் முற்றத்துத் தரையில பட்டுத் தெறிக்க எடத்துல நாற்காலியப் போடும். பின்னால அறைக்கதவு தொறந்திருந்தா போதும், உள்ள தானா கரிக்கட்டையா இருட்டிரும், துணியே வேண்டாம். தரையில இருந்து எழும்புற வெளிச்சம் தாடைக்குக் கீழ ஏறும், தொங்குற காதுக்கு அடியில போய் நிக்கும். நெத்தியில ஸ்பாட் மீட்டர் வச்சு அதுல இருந்து ஒண்ணு ஒண்ணரை ஸ்டாப் கொறச்சு எடும். ஷேடோ பக்கம் இன்னும் அமுங்கணும்னா அங்கன ஒரு கறுப்புப் போர்வையத் தொங்க விடும், வெளிச்சம் திரும்பி வராது.

வுட்மன் கரஞ்ச மாதிரி வேணும்னா ட்ரைபாடு, ஐஎஸ்ஓ 100, எப் 11, ரெண்டு மூணு செகண்டு. பகல்ல முற்றத்து வெளிச்சத்துக்கு அது தாங்காது, லென்சுக்குள்ள போற வெளிச்சத்தக் கொறைக்க என்டி ஃபில்டர் மாட்டியே ஆகணும். ஆச்சிகிட்ட ஆடாதீங்கன்னு சொல்லாதேயும். வெத்தல இடிக்கச் சொல்லும், இல்ல பேரனப் பத்திக் கேளும். கையும் வாயும் அசையும், காது சொல்லிவச்ச மாதிரி அதுபாட்டுக்கு மெதுவா ஆடும், நாற்காலி மட்டும் அசையாது. ஜூலியா மார்கரெட் கேமரன் 1860கள்ல எடுத்த முகங்கள் அப்பிடித்தான் மங்கலா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும், அந்தம்மா பொறந்தது கல்கத்தா, கடைசிக் காலத்துல இலங்கையில களுத்துறை பக்கம் இருந்து அங்க உள்ள சனங்களையும் எடுத்திருக்காவ. நம்ம கடலுக்கு அந்தாண்டதான்.

தேரிமணல்

டவுண் அண்ணாச்சி சொன்னது எல்லாம் வீட்டுக்குள்ள. நான் வெளிய கூட்டிட்டுப் போறேன். எனக்கு சாத்தான்குளம் பக்கம், எங்க வீட்டுல இருந்து கொஞ்சம் நடந்தாலே தேரி. செக்கச்செவேல்னு மணல்மேடு, ஊடால பனை, முந்திரி. இங்க ஒரு ஆள நிப்பாட்டி கலர்ல எடுத்தா டூரிஸ்ட் படம் மாதிரி வரும், பாளை அண்ணாச்சிக்கு அது வேண்டாம்னுதான தோணுது. எடிட்டிங்ல கருப்பு வெள்ளைக்கு மாத்தும்போது சேனல் மிக்ஸர்ல ப்ளூ சேனல, அதான் படத்துல உள்ள நீல வெளிச்சத்த, மட்டும் வச்சுப் பாருங்க. செம்மணல் தார் மாதிரி கறுத்துரும், வானம் வெளுத்துப் பேப்பர் ஆயிரும், பகல் பன்னெண்டு மணிக்கு எடுத்த படம் எந்த நேரம்னே சொல்ல முடியாது. பழைய காலத்துக் கண்ணாடி பிளேட்டுக்கு நீல வெளிச்சம்தான் அதிகம் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது, அந்தக் காலத்துப் படங்கள்ல வானம் வெறிச்சோடி இருக்கது அதனாலதான். நமக்கும் அதே கதை கெடைக்கும். ஆனா ப்ளூ சேனல்ல நாய்ஸ் ஜாஸ்தி, அதனால ஐஎஸ்ஓவ ஏத்தாம எடுங்க, ரா ஃபைலா எடுங்க.

இன்னொரு யோசனை இருக்கு, இது ரொம்ப நாளா நானே வச்சிருக்கது. எங்க பக்கம் சுடலைமாடன் கோயிலுக்குப் போனா பாதி எடத்துல செல கெடையாது, பீடம்தான். கீழ அகலமா மேல குறுகி, சுண்ணாம்பு அடிச்சு, ஆள் ஒசரத்துக்கு நிக்கும், முகம்னு ஒண்ணு கெடையாது. கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குச் சந்தனம் சாத்தி, மாலை போட்டு, கண்ணு வைக்கும்போது முகம் வந்துரும், கொடை முடிஞ்சதும் திரும்ப வெறும் பீடம். முகம் இல்லாமலே ஒரு ஆள் முன்னால நிக்க முடியும்னு நம்ம சனத்துக்கு நல்லாத் தெரியும். அப்போ ஒரு போர்ட்ரெய்ட்டுல முகம் இருந்தே ஆகணுமா? ஆச்சியோட பின்னந்தலை, கொண்டை, ரெண்டு பக்கமும் தொங்குற காது, அவ்வளவுதான். முகத்த சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சு எடுத்துப் பாருங்க. மீட்யார்ட் முகமூடி போட்டுச் செஞ்சத நீங்க முகமூடி இல்லாம செய்யலாம்.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கும் ஒருக்கா வந்து பாருங்க. முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து காளி, குறத்தி, பேயி, கொரங்குன்னு வேசம் கட்டி ஊரூராக் காணிக்கை எடுப்பாங்க, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சம்ஹாரம். காளி வேசம் கட்டினவரு கிரீடத்த எறக்கி வச்சுட்டு மர நெழல்ல உக்காந்து டீ குடிப்பாரு, நெத்தியில கிரீடம் அழுத்தின தடம் செவந்து கெடக்கும், பாதி மூஞ்சி வேர்வையில கரஞ்சு அடியில இருக்க ஆளு தெரிவாரு. அந்த நேரத்துல அவரு யாருன்னு அவருக்கே பாதிதான் தெரியும்னு எனக்குத் தோணும்.

கொக்கிரகுளம்_அக்கா

தேரிமணல் சொன்ன பீடம் விசயம் அருமை, பின்னந்தலை போர்ட்ரெய்ட் நெனைக்கவே நல்லாருக்கு. ஆனா ரெண்டு எடத்துல நான் ஒத்துக்கிட மாட்டேன்.

ஒண்ணு அந்த ப்ளூ சேனல். அது சிவப்பு சேந்த எல்லாத்தையும் கறுக்க வைக்கும், நம்ம தோலையும் சேத்துத்தான். ஏற்கெனவே கருத்த முகத்த இன்னும் கருக்கி, கண்வெள்ளைய மட்டும் மின்ன விட்டு, அதப் பாத்து சனம் பயந்தா, அந்தப் பயம் எங்க இருந்து வருது? கருப்புன்னா பேயின்னு சினிமா நூறு வருசமாச் சொல்லிக் கொடுத்ததுல இருந்து வருது. தம்பி, உங்க படத்துல இருட்டு அறையில இருக்கட்டும், கதவுல இருக்கட்டும், ஆச்சி தோலுல ஏத்தாதீங்க. மணலுக்கு ஒரு லேயர், ஆளுக்கு வேற லேயர்னு பிரிச்சு மாத்துறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல.

ரெண்டாவது குலசை. வேசம் கட்டினவங்க நேர்ச்சையில இருக்காங்க, சனம் அவங்கள அம்மனாப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுது. டீ குடிக்கும்போது கேட்டு எடுத்தா சரி. இப்பிடித் திரும்புங்க, நாக்க நீட்டுங்கன்னு டைரக்சன் பண்ணக் கூடாது. அங்க சர்ரியலா, கனவு மாதிரி ஏதும் நீங்க சேக்க வேண்டியதே இல்ல.

ரோஜர் பாலன் பேரு வந்ததால இதையும் சொல்லுதேன். அவரு மொதல்ல ஜியாலஜிஸ்ட், சுரங்க வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவுல சின்னச் சின்ன ஊரா சுத்தினவரு. அந்த ஊர்கள்ல உள்ள ஏழை வெள்ளைக்காரங்கள எடுத்து 1994ல புத்தகமாப் போட்டப்போ, இல்லாதவங்கள வேடிக்கைப் பொருளாக்கிட்டாருன்னு அங்க பெரிய சண்டையே வந்துச்சு. அவரு படம் எனக்கும் புடிக்கும், ஆனா அந்தச் சண்டை நியாயமானது. நம்ம ஊருக்கும் அது பொருந்தும். வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஆளுகள அளவுகோலுக்குப் பக்கத்துல, கட்டம் போட்ட துணிக்கு முன்னால நிப்பாட்டி, இன்ன சாதி இன்ன வகைன்னு படம் எடுத்து வச்சான். 2000 தொடங்கி கொஞ்ச வருசம் பெங்களூர்ல ஓவியக் கலைஞர் புஷ்பமாலாவும் போட்டோகிராபர் கிளேர் ஆர்னியும் சேந்து ஒரு வரிசை பண்ணினாங்க, தென்னிந்தியப் பொம்பளைங்களப் பத்தின பழைய படங்களையெல்லாம் திரும்ப ஜோடிச்சு, அதுல மாடலா புஷ்பமாலாவே போய் நின்னாங்க, கட்டம் போட்ட அந்தப் படம் உட்பட. அத ஒருக்கா தேடிப் பாருங்க தம்பி. வுட்மனும் தன்னத்தான எடுத்துக்கிட்டா? நீங்களும் ஆச்சி உக்காந்த அதே நாற்காலியில, அதே வெளிச்சத்துல உங்கள ஒரு படம் எடுங்க. ஹால்ல மாட்டுறது மாட்டாதது அப்புறம். அங்கன உக்காந்தா எப்பிடி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்.

தேரிமணல்

அக்கா, தோல் விசயம் சரிதான், தனித்தனி லேயர்தான் நல்லது, நானும் மணல நெனச்சுத்தான் சொன்னேன். குலசையில கேக்காம எடுக்கக் கூடாதுங்கதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

முத்துநகர்_பிரிண்ட்

தூத்துக்குடியில பிரிண்டிங்தான் தொழில். இருட்டுப் படம் கொண்டு வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேரு பிரிண்டப் பாத்துட்டு மொகம் சுண்டிப் போவாங்க, அதனால இத நிதானமாப் படிங்க பாளைத் தம்பி.

உங்க மானிட்டர் உள்ள இருந்து எரியுது, பேப்பர் எரியாது. கடை மானிட்டர் எல்லாம் ஃபுல் பிரைட்னஸ்ல ஓடுது, அதுல பாத்து ஷேடோ சரியா இருக்குன்னு அனுப்பினா பேப்பர்ல அந்த இருட்டு அறை, கதவு, கொண்டை எல்லாம் ஒரே மையா அப்பிரும். பிரைட்னஸப் பாதிக்குக் கீழ கொறச்சுட்டு எடிட் பண்ணுங்க. அப்புறம் முழு சைசு போடுறதுக்கு முன்னால, இருக்கதுலயே இருட்டான படத்துல ஒரு துண்டு மட்டும் வெட்டி, ஷேடோவக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி நாலஞ்சு விதமா டெஸ்ட் பிரிண்ட் போடுங்க. அந்தத் துண்டு காதுக்குப் பின்னால உள்ள எடமா இருக்கட்டும், அங்கதான உங்க படமே நிக்குது. டெஸ்ட்ட எங்க கடை லைட்டுல பாக்காதீங்க, நீங்க மாட்டப்போற ஹால்ல கொண்டுபோய்ப் பாருங்க.

பேப்பரு. மேட் காட்டன் பேப்பர் கையில தொட்டா சொகமா இருக்கும், எல்லாரும் அதையே கேப்பாங்க, ஆனா அதுல கறுப்பு முழுசா எறங்காது, சாம்பல் பூத்த மாதிரி நிக்கும். உங்களுக்குக் கதவுக்குள்ள ஆழம் வேணும்னா, கொஞ்சம் மினுங்குற பரைட்டா பேப்பர் போடுங்க. சாம்பல்தான் வேணும், கனவு மாதிரி வேணும்னா மேட் சரி. ரெண்டுலயும் ஒரே படத்தப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணாதீங்க. கறுப்புப் படத்துக்கு முன்னால சாதாக் கண்ணாடி இருந்தா டியூப்லைட்டும் எதிர்ல நிக்கவன் சட்டையும்தான் தெரியும், ஆச்சி தெரியவே மாட்டா. ரிஃப்ளக்சன் இல்லாத கண்ணாடி கெடைக்கும், வெல கூட. காசு இல்லேன்னா கண்ணாடியே இல்லாம போர்டுல ஒட்டி மாட்டுங்க, நம்மூர் ஈரக்காத்துக்குக் கண்காட்சி முடியுற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, தொடாம மட்டும் பாத்துக்கிடணும். டியூப்லைட்ட அணைக்க விடுவாங்களான்னு இப்பவே கேட்டு வச்சிருங்க. அணைச்சுட்டு, படத்துக்கு ஒண்ணா எல்இடி ஸ்பாட், மேல இருந்து 30 டிகிரி சாய்வுல விழுற மாதிரி. நேர எதிர்ல வச்சா பேப்பரே பளபளக்கும். பொதுவா படத்தோட நடுமையம் தரையில இருந்து 57ல இருந்து 60 இஞ்சுக்குள்ள வர்ற மாதிரி மாட்டுவாங்க. ஆனா அந்த ஆச்சிமாரும் பாக்க வருவாங்கல்லா? கூன் விழுந்தவங்க, நாற்காலியில உக்காந்து பாக்கவங்க. கொஞ்சம் எறக்கியே மாட்டுங்க.

பாளை_கேமரா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. நடுக்கூடத்துப் படம், கை வரஞ்ச கண்ணு, அது மண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு. எங்க ஆச்சி வீட்டுலயே தாத்தா படம் அப்பிடித்தான் இருக்கு, கோட்டு போட்டு. கறுப்புத் துணிய விட்டுட்டேன், மேலப்பாளையம் தாண்டி முற்றம் வச்ச ஒரு வீடு கேட்டு வச்சிருக்கேன். அக்கா சொன்ன மாதிரி என்னையும் எடுக்கப் போறேன்.

ரெண்டு கேள்வி பாக்கி. படத்துக்குக் கீழ ஆச்சி பேரு போடவா வேண்டாமா? பேரு போட்டா அது செய்திப் படம் மாதிரி ஆயிருமோன்னு யோசனை. அப்புறம் பாம்படத்த எதுக்காகக் கழட்டினாங்கங்கற கதைய எழுதி ஒட்டவா?

கொக்கிரகுளம்_அக்கா

பேரு போடுங்க, அவிய சரின்னு சொன்னா. கூப்பிடுற பேரையே போடுங்க, ஆதார்ல உள்ள பேரு வேண்டாம். கனவு மாதிரிப் படத்துக்கு அடியில பேரும் ஊரும் இருந்தா அது செய்தியாவாது, இந்தக் கனவு இன்ன ஊர் ஆச்சியோடதுன்னு ஆகும்.

கதைய எழுதி ஒட்டாதீங்க. கடனுக்கு வித்ததுன்னு எழுதினா மகன் மானம் போகும், மருமக வந்து சண்டைக்கு நிப்பா, ஆச்சி அந்த வீட்டுலதான் கஞ்சி குடிக்கணும். பிரிண்ட மொதல்ல ஆச்சிகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க, வீட்டு ஆளுக இருக்கும்போது காட்டுங்க. எது வேண்டாம்னு சொல்லுதாவளோ அத எடுத்துருங்க, எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் சரி. ஒரு பிரதி அவங்களுக்குக் கொடுக்கணும், கண்ணாடி போட்டு, சுவத்துல மாட்டுற மாதிரி.

டவுண்_டார்க்ரூம்

அந்தப் பிரதிய மட்டும் கொஞ்சம் வெளிச்சமாப் போட்டுக் கொடும் தம்பி. நடுக்கூடத்துல ஜீரோ வாட் பல்புதான் எரியும், அதுல தெரியணும்.

எங்கப்பா ரீடச் பண்ணின பிரஷ்ஷும் நெகடிவ் சுரண்டுற கத்தியும் எங்கிட்ட பத்திரமா இருக்கு, கண்ணு வரஞ்ச பிரிண்டு சிலதும் கெடக்கு. டவுணுக்கு வந்தா வாரும், பாத்துட்டுப் போகலாம்.

தேரிமணல்

தேதி முடிவானா இங்கன போடுங்க, எங்க ஊருல இருந்து ரெண்டு பாம்படத்து ஆச்சிமாரையும் கூட்டிக்கிட்டு வாரேன்.